ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

அத்தான் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் ஏதோ சௌக்கியம். உங்கள் அக்கா ரொம்பவே சௌக்கியம். அவளுடைய சௌக்கியத்தால் எனக்கு நேர்ந்திருக்கும் அசௌக்கியத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். ஓடுகிற பஸ்ஸில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை எனக்கு. நான் ரகசியம் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். காகிதம்தான் சத்தம் போடாது.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு துண்டு நிலம் கிடப்பது உங்களுக்குத் தெரியும். போன தடவை வந்திருந்தபோது உங்கள் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறியதே, அதே இடம்தான். பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்த நாளில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிப் போட்டது. பெரிய இடமென்று சொல்ல முடியாது. ஒரு பஸ்ஸை நிறுத்தலாம். இரண்டை நிறுத்தினால் டிரைவர்கள் ஜன்னல் வழியாகத்தான் இறங்க வேண்டும். ஆனால் அதில் மகனுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கல்யாணம் ஆனதிலிருந்து அவன் ஊரின் மறுகோடியில், லிப்ட் பாதி நாள் ஓடாத ஒரு கட்டடத்தின் உச்சி மாடியில், வாடகைக்கு இருக்கிறான். இங்கே கட்டினால் கீழே கூடமும் சமையலறையும், மேலே இரண்டு அறை, எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அந்த நடுக்கதவை மட்டும் நான் மனசுக்குள் எத்தனை தடவை திறந்து மூடியிருப்பேன் என்று கணக்கே கிடையாது.

ஓய்வு பெற்ற கையோடு வீட்டு வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நகரத் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரிதான். என் மனை எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுல நீங்க வீடு கட்ட முடியாது. இது பூங்கா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா பூங்கா? அங்க ஒரு செடிகூட இல்ல. முள்ளுதான் இருக்கு" என்றேன். "முள்ளு இருக்குன்னா பராமரிப்பு சரியில்லன்னு அர்த்தம் சார். அதுக்குப் பக்கத்து கவுண்டர்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஊர் முழுவதும் கட்டம் கட்டமாக வண்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள், மச்சான். மஞ்சள் என்றால் குடியிருப்பு, சிவப்பு என்றால் கடைகண்ணி, பச்சை என்றால் பூங்கா. எங்கள் தெருவே மஞ்சளாக இருக்க, நடுவில் வெற்றிலைக் கொழுந்து மாதிரி என் துண்டு மட்டும் பச்சை. எந்த மகராசன் எந்தக் காலத்தில் உட்கார்ந்து வரைந்தானோ, பக்கத்துத் தெருவுக்கு அடிக்க வேண்டிய பச்சை கைதவறி என் தலையில் விழுந்துவிட்டது. நிலம் என்னுடையது, வரி நான் கட்டுகிறேன், ஆனால் நிறம் அரசாங்கத்துடையது. நிறத்தை மாற்றாமல் ஒரு செங்கல் வைக்கக் கூடாது. அதற்கு நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று பெயராம்.

சரி, மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தேன். "இடத்துல ஒரு போர்டு வைக்கணும் சார். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்றதுக்கு" என்றார் அந்த அம்மா. "எங்க தெருவுல யாரும்மா ஆட்சேபணை சொல்லப் போறாங்க? எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்க" என்றேன். "தெரிஞ்சவங்கதான் சார் சொல்லுவாங்க" என்றார். அனுபவசாலி.

போர்டு எழுதுகிறவனைப் பிடித்தேன். நான் கொடுத்த வாசகம் இதுதான்: 'இந்த இடம் நகரத் திட்டத்தில் பூங்கா என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. இதைக் குடியிருப்பு மனையாக மாற்றுவதில் ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.' எழுத்து பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அது என் போதாத காலம். அவன் மற்றதையெல்லாம் எறும்பு எழுத்தில் எழுதிவிட்டு, 'பூங்கா' என்பதை மட்டும் ஆள் உயரத்துக்குப் பச்சையில் எழுதி, போனால் போகிறதென்று மூலையில் ஒரு பூவும் வரைந்து நட்டுவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் விடியற்காலையில் வாசலில் ஏதோ பேச்சுக்குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். தெருமுனை மருந்துக்கடைக்காரர் இடுப்பில் கைவைத்து நின்று போர்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஆளுயரப் பச்சை வார்த்தையைத் தாண்டிப் போகவில்லை. "அடடே, நம்ம தெருவுலயே பூங்கா இருக்கா! இத்தனை நாளா யாருமே சொல்லலையே!" என்றவர், செருப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே இறங்கி நடக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் தையல்காரம்மா. அவருக்குப் பின்னால் அச்சகத்துக்காரர், அவர் மனைவி, அவர் மனைவியின் தங்கை. வார முடிவுக்குள் தெருவில் சர்க்கரை, கொழுப்பு, ரத்தக்கொதிப்பு உள்ள அத்தனை பேரும் என் இடத்துக்குள் இருந்தார்கள். முள்ளை அவர்களே வெட்டினார்கள். எங்கிருந்தோ ஒரு கல்பலகையைத் தூக்கி வந்து சுவரோரம் போட்டார்கள். எதிரும் புதிருமாக நடந்தால் நெற்றி மோதுகிறது என்று எல்லோரும் ஒரே திசையில் நடப்பதென்று முடிவு செய்தார்கள். ஒரே திசையில் சுற்றினால் தலை சுற்றுகிறது என்று ஒருநாள் வலமாகவும் மறுநாள் இடமாகவும் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு எந்தப் பக்கம் என்பதில் தினமும் ஒரு சண்டை வேறு.

டிக்கெட் இல்லாமல் ஏறியவனைக் காலரைப் பிடித்து இறக்கிய கை, மச்சான், இது. என் கண்ணெதிரிலேயே ஒரு பஸ் நிறைய ஆட்கள் ஓசியில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பேன்? போய் மருந்துக்கடைக்காரரை மறித்தேன். "இது என் இடம் தெரியும்ல?" என்றேன். நிற்காமலே, "தெரியும் செக்கர் சார். உங்களுக்குப் பெரிய மனசு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அடுத்த சுற்றில் வரும்போது, "அந்தச் சுவர்ல ஒரு குழாய் வச்சீங்கன்னா குடிக்கத் தண்ணிக்கு வசதியா இருக்கும்" என்றார். அலுவலகத்துக்கு ஓடினேன். கவுண்டர் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாத்துற வரைக்கும் அது பூங்காதான் சார். உங்க பூங்கா" என்றார். பாராட்டா, பரிகாசமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனிமேல்தான் உங்கள் அக்காவின் கதை. அவளுக்கு முழங்கால் வலி வந்ததும், டாக்டர் நடக்கச் சொன்னதும் நீங்கள் அறிந்ததே. தெருவில் நடந்தால் மோட்டார் சைக்கிள் இடிக்கிறது. வீட்டுக்குள் நடந்தால் நான் இடிக்கிறேன். அதனால் நடக்கவே மாட்டாள். மகன் தனிக்குடித்தனம் போனதிலிருந்து காலை வேலை முடிந்ததும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். என்ன பார்க்கிறாய் என்று கேட்டால், "சும்மா" என்பாள். நானும், வீடு கட்டி மகன் பக்கத்தில் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கிறேன், அந்த ஊர்வலத்தில் ஒரு ஜோடி ஷூ எனக்குத் தெரிந்த ஷூவாக இருக்கிறது. என்னுடைய பழைய டியூட்டி ஷூ. அதற்கு மேல் உங்கள் அக்கா.

"நீ எங்கடி இங்க?" என்று வாயில் நுரையோடு கேட்டேன்.

"நடக்கிறேங்க. முழங்காலுக்கு நல்லா இருக்கு. நீங்க கட்டுற வரைக்கும்தானே" என்றாள்.

கட்டுகிற வரைக்கும் என்று சொன்னவள் ஒரே மாதத்தில் கூட்டத்துக்குத் தலைவி ஆகிவிட்டாள். வலமா இடமா என்ற வழக்குக்கு இப்போது அவள்தான் நீதிபதி. காலையில் எனக்கு டீ போட ஆள் இல்லை. நானே போட்டு நானே குடித்து நானே முகம் சுளித்துக்கொள்கிறேன். அப்படி ஒருநாள் தம்ளரோடு நிற்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரிது இப்படி வெடித்துச் சிரிப்பது என்று யோசித்து, உங்கள் அக்காதான் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவ்வளவு நாளாகிவிட்டது அந்தச் சத்தத்தைக் கேட்டு.

இருந்தாலும் வீடு வீடுதானே. இடத்தைப் பார்வையிட அதிகாரி வரும் நாள் வந்தது. அவர் வரும்போது அது பூங்காவாகப் புழங்குகிற மாதிரி தெரியக் கூடாது. என்ன செய்வதென்று மண்டையை உடைத்துக்கொண்டு, முந்தின நாள் சாயங்காலம் மருந்துக்கடையில் போய், "நம்ம பூங்காவுல பாம்பு ஒண்ணு பார்த்தேன். நாளைக்கு யாரும் வரவேணாம்னு சொல்லிடுங்க" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். பாம்பு என்றால் யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தது என் புத்தி. மறுநாள் காலையில் அதுவரை நடக்க வராதவர்களும் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு கம்பு. பால்காரர் கையில் தேங்காய் உரிக்கிற கம்பி. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஒரு கும்பல். அந்த நேரம் பார்த்து அதிகாரி கையில் அட்டையோடு வந்து இறங்கினார். "என்ன சார் இவ்வளவு கூட்டம்?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ "அதோ அசையுது!" என்று கத்த, அதிகாரி ஒரே தாவில் கல்பலகை மேல் ஏறிவிட்டார். அசைந்தது யாரோ சுவரோரம் போட்டிருந்த ரப்பர் குழாய். ஆனால் அவர் இறங்கவில்லை. அங்கேயே நின்றபடி அட்டையில் எழுதினார். எழுதிக்கொண்டே, "சார், ஊர்ல எத்தனையோ பூங்கா பார்த்திருக்கேன். ஜனங்க இவ்வளவு ஆர்வமா வர்ற பூங்காவை இப்பதான் பார்க்கிறேன்" என்றார். உங்கள் அக்கா கீழேயிருந்து அவருக்குக் கைகொடுத்து இறக்கிவிட்டாள்.

பிறகு விசாரணை. ஒரு நீளமான அறை, கிறீச்சிடும் மின்விசிறி, மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. எங்கள் தெருவே பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தது. முதலில் மருந்துக்கடைக்காரர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, எங்களுக்கு ஆட்சேபணை இல்லைங்க. அது செக்கர் சாரோட இடம். பிள்ளைக்கு வீடு கட்டணும்னு வாழ்நாளெல்லாம் நினைச்ச மனுசன். இத்தனை நாள் எங்களை நடக்க விட்டாரே, அதுவே போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தையல்காரம்மாவும் அதையே சொன்னார். அச்சகத்துக்காரரும் அதையே சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான். இவர்கள் மேலேயா பாம்பை ஏவினோம் என்று கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"வேற யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று அதிகாரி சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

"எனக்கு இருக்குங்க" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று திரும்பினேன். கேட்டிருக்கிறேன்தான், கல்யாணமான நாளிலிருந்து.

"நீங்க யாரும்மா?"

"மனு போட்டவரோட வீட்டுக்காரிங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உங்க ஆட்சேபணை என்னம்மா?"

"அங்க வீடு கட்டினா அதுல இருக்க ஆள் இல்லைங்க."

நான் எழுந்துவிட்டேன். "ஆள் இல்லையா? என் மகன் இருக்கான்!" என்று கத்தினேன். பஸ் தொண்டை, மின்விசிறிச் சத்தமே அடங்கிவிட்டது. உங்கள் அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்தே, "அவன் வர மாட்டான்ங்க. அவங்க அப்பாகிட்ட அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரல" என்றாள். மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். அதிகாரி மெதுவாக, "இது வீட்டுல பேச வேண்டியதும்மா. உத்தரவு பிறகு வரும்" என்று சொல்லி அடுத்த மனுவைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றேன். தெருவில் இறங்கியதும் அவள் வீட்டுக்குப் போகாமல் நேராகப் போய் அந்தக் கல்பலகையில் உட்கார்ந்தாள். நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

"எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"எத்தனை தடவை ஆரம்பிச்சேன். நீங்க காதுல வாங்கினாத்தானே. ஆபீசர் முன்னாடின்னா நீங்க பொறுமையா உட்காருவீங்க, அதான் அங்க சொன்னேன்" என்றாள். பிறகு, "அவனுக்கு உங்க மேல பாசம் இல்லாம இல்லீங்க. அந்த நடுக்கதவுன்னு நீங்க சொன்னதிலிருந்து அவனும் மருமகளும் தூக்கமில்லாம கிடக்கிறாங்க. அவனுக்குன்னு ஒரு வீடு, அவனுக்குன்னு ஒரு வாசல் வேணாமா?" என்றாள்.

"கதவு இருந்தா என்ன? பூட்டு போட்டுக்கிட்டா போச்சு."

"பூட்டு எந்தப் பக்கம்?" என்றாள்.

மச்சான், வரைபடத்தில் தாழ்ப்பாளை என் பக்கத்தில்தான் போட்டிருக்கிறேன். எழுந்து உள்ளே வந்துவிட்டேன். அதற்கப்புறம் வீட்டில் டீயும் இல்லை, பேச்சும் இல்லை. அவள் சண்டை போடவில்லை. போட்டால்கூடப் பரவாயில்லை என்றிருக்கிறது.

ஆகவேதான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் அவனுக்குத் தாய்மாமன். நான் சொன்னால் தலையாட்டுவான், நீங்கள் சொன்னால் கேட்பான். ஒருநடை வந்து இரண்டு பேரிடமும் பேச வேண்டும். உங்கள் அக்காவிடம், கட்டிய புருஷனுக்கு எதிராக ஆட்சேபணை சொல்வது முறையா என்று நாலு வார்த்தை கேளுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். மகனிடம், அப்பா கதவை எடுத்துவிட்டார் என்று சொல்லுங்கள். கதவு வேண்டாமென்றால் ஒரு ஜன்னல் வைத்துக்கொள்வோம். ஜன்னலும் வேண்டாமென்றால் வெறும் சுவராகவே இருக்கட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நடமாடுகிற சத்தம் கேட்டால்கூட எனக்குப் போதும் என்று சொல்லுங்கள். இல்லை, இந்தக் கடைசி வரியைச் சொல்ல வேண்டாம். உங்களோடு இருக்கட்டும்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, சொந்தக் காலில் நின்று, எந்த ஊரில் இருந்தாலும் நீண்ட ஆயுளோடு சுகமாக இருக்க இந்த அத்தானின் ஆசீர்வாதம். வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவனும்,
அவளுடைய எதிர் மனுதாரருமான
அத்தான்

பின்குறிப்பு: மூன்று நாளைக்கு முன் உறையை ஒட்டி, தபால்தலையும் ஒட்டி வெளியே கிளம்பினால் வாசலிலேயே தபால்காரர் நகரத் திட்ட அலுவலகத்தின் உத்தரவைக் கையில் கொடுத்தார். மனு ஏற்கப்பட்டதாம்! என் இடம் மஞ்சளாகிவிட்டது. ஆட்சேபணை எழுத்து மூலம் தரப்படாததால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையாம். நான் ஜெயித்துவிட்டேன், மச்சான். துள்ளிக் குதிக்க வேண்டியவன் வாசலிலேயே நின்றேன். பிறகு மகனுக்குப் போன் போட்டேன். "உத்தரவு வந்திருச்சுப்பா" என்றேன். "சந்தோஷம்பா" என்றான். டிக்கெட் எடுக்காதவனிடம் போய் நின்றால், இல்லாத டிக்கெட்டை ஒவ்வொரு பையாகத் துழாவிக்கொண்டே சிரிப்பானே, அந்தக் குரல். அத்தனை வருஷம் செக்கராக இருந்தவனுக்கா அது தெரியாது? "கட்டலப்பா. உனக்கு எங்க வசதியோ அங்க இரு" என்றேன். அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு பேச ஆரம்பித்தான் பாருங்கள், லிப்ட், ஆபீஸ், மருமகள் வாங்கிய பூந்தொட்டி என்று, கல்யாணத்துக்கு அப்புறம் மொத்தமாகப் பேசியதைவிட அதிகம் அன்றைக்கே பேசிவிட்டான். எனக்குத்தான் காது வலித்தது. வைக்கச் சொல்ல மனசு வரவில்லை.

உத்தரவின் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. குறித்த காலத்துக்குள் கட்டடம் எழுப்பாவிட்டால் அனுமதி தானாக ரத்தாகி, நிலம் பழையபடி பூங்காவாகவே கருதப்படுமாம். சும்மா இருந்தே நிறைவேற்றக்கூடிய ஒரு சர்க்கார் உத்தரவு என் வாழ்நாளில் இப்போதுதான் வந்திருக்கிறது. ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப்போகிறேன். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தபால்தலை வீணாகிவிடுமே என்றுதான் உறையைப் பிரித்து இதையும் எழுதி அனுப்புகிறேன். யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். ஆனால் கட்டாயம் வாருங்கள், நடக்கத் தோதான செருப்போடு. மூன்று நாளாக நானும் இறங்கி நடக்கிறேன். என் மெதுநடைக்குக் கூட நடக்க ஒருவரும் சரிப்படவில்லை. உங்கள் அக்காவோ என்னை விட்டுவிட்டு முன்னால் போய், முழுச் சுற்றும் சுற்றி, பின்னாலிருந்து வந்து என்னைத் தாண்டிப் போகிறாள். தாண்டும்போது மட்டும், யாரும் பார்க்காத மாதிரி, என் முதுகில் ஒரு தட்டு.